வறட்சியும் வெள்ளமும் நுண்பாசியும்

(ஜெராம் வட்டார மக்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நம் ஜெராம் கரையில் பகலில் கடல் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு தெரியும். அதன் மேல் வெயில் பட்ட சிறிது நேரத்திற்குள் பழுப்பும் பொன்னிறமும் கலந்த ஒரு மினுமினுப்பு படரும். கப்பலிலிருந்து கசிந்த எண்ணெய் என்று சிலர் நினைப்பதுண்டு. அது எண்ணெய் அன்று, உயிர். டயாட்டம் என்னும் நுண்பாசிகள் கோடிக்கணக்கில் சேற்றுக்குள்ளிருந்து வெளிச்சத்தைத் தேடி மேலே ஏறி வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே ஓர் உயிரணு. ஒவ்வொன்றையும் மூடியிருப்பது மணலில் உள்ள அதே சிலிக்காவால் ஆன ஓடு. கடல் திரும்பி ஏறுவதற்குச் சற்று முன் அவை மறுபடி சேற்றுக்குள் இறங்கிவிடும். உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டயாட்டம்களுடையது. நாம் மூச்சு விடுவதில் அவற்றுக்கும் பங்கு இருக்கிறது.

இந்தச் சிற்றுயிர்களுக்கு வறட்சி வந்தால் என்ன ஆகும், வெள்ளம் வந்தால் என்ன ஆகும் என்பதே இன்றைய பேச்சு. நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வறட்சியும் வெள்ளமும் நுண்பாசிக்குப் புதியவை அல்ல. மனிதன் தோன்றுவதற்கு மிக முன்பிருந்தே அது காய்ந்தும் நனைந்தும் பிழைத்து வந்திருக்கிறது. காய்ச்சலும் பெருக்கும் வரும் முறை மாறினால், வரும் நீர் சுமந்து வரும் பொருள் மாறினால், அப்போதுதான் அது நிலைகுலைகிறது. அந்த முறையை மாற்றுவதில் நாம் வெட்டும் பாரிட்டு என்னும் வடிகாலுக்கும், நாம் திறந்து மூடும் மதகுக்கும் பெரும் பங்கு உண்டு.

முதலில் நம் வட்டாரத்தின் நீரை ஒருமுறை மனத்தில் விரித்துக்கொள்வோம். மேற்கே மலாக்கா நீரிணையின் சேற்றுக்கரை. அதையடுத்துக் கண்டல் மரங்கள், கடல்நீரைத் தடுக்கும் மண் பண்டு, மதகுகள். பண்டுக்கு உள்ளே செம்பனைத் தோட்டங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் ஓடும் பாரிட்டுகள். வடக்கே கோல சிலாங்கூரில் கடலில் சேரும் சிலாங்கூர் ஆறு. அதற்கும் வடக்கே தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் வயல்கள். அந்த வயல்களின் கிழக்கே ராஜா மூசா, சுங்கை காராங் காடுகள் சேர்ந்த வட சிலாங்கூர் கரிமண் சதுப்புக்காடு. அதன் பரப்பு 80,000 ஹெக்டேருக்கு மேல்.

இந்த ஒவ்வோர் இடத்திலும் வாழும் நுண்பாசி வேறு. கடற்சேற்றில் டயாட்டம். வயலில் நீலப்பச்சைப் பாசி. அசையாமல் நிற்கும் குட்டையில் யூக்ளினா. அதில் ஒரு வகை உச்சி வெயிலில் நீரைச் செந்நிறமாக்கி, வெயில் தணிந்ததும் பச்சைக்குத் திரும்பும். கரிமண் சதுப்பின் நீர் தேயிலைச் சாற்றின் நிறத்தில் இருக்கும், புளிப்பு மிகுந்திருக்கும், வெளிச்சம் ஆழமாக இறங்காது. அங்கே டெஸ்மிட் என்னும் அழகிய பச்சைப் பாசிகளும், புளிப்பைத் தாங்கும் சில டயாட்டம்களும் வாழ்கின்றன. மலேசியாவின் டெஸ்மிட்களைப் பற்றி 1950-களிலேயே ஜி. ஏ. பிரௌஸ் எழுதினார். 1970-களின் தொடக்கத்தில் மலேசிய, ஜப்பானிய அறிவியலாளர்கள் பகாங்கில் உள்ள தாசேக் பெராவின் சதுப்பை விரிவாக ஆராய்ந்தார்கள். 1994-இல் ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் மலேசியாவின் முதல் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டதும் அந்தத் தாசேக் பெராதான்.

இனி வறட்சிக்கு வருவோம்.

நீர் குறையத் தொடங்கியதும் மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன. மிஞ்சிய நீரில் உப்பும் உரச்சத்தும் செறிகின்றன. ஆழம் குறைவதால் நீர் சூடாகிறது. ஓட்டம் நின்றுவிடுகிறது. இந்த மூன்றும் நீலப்பச்சைப் பாசிக்குப் பிடித்தவை. மைக்ரோசிஸ்டிஸ் போன்ற வகைகள் தம் உயிரணுவுக்குள் காற்றுப் பைகளை வைத்திருக்கின்றன. ஓட்டமில்லாத நீரில் மேலே மிதந்து வந்து, வெளிச்சத்தைத் தாமே எடுத்துக்கொண்டு, கீழே உள்ளவற்றை இருளில் தள்ளுகின்றன. அவற்றில் சில ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும். வறட்சிக் காலத்தில் பச்சை வண்ணத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் தெரியும் குட்டையில் மாட்டைத் தண்ணீர் குடிக்க விடாதீர்கள். பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள்.

நீர் முழுதும் வற்றிவிட்டால்? அங்கேதான் நுண்பாசியின் திறம் தெரிகிறது. நாஸ்டாக் என்னும் நீலப்பச்சைப் பாசி தன்னைச் சுற்றிப் பசையான உறையைக் கட்டிக்கொள்கிறது. அந்த உறை நீரைப் பிடித்து வைக்கிறது. நீர் போன பிறகும் உயிரணுவின் சவ்வு நொறுங்காமல் காக்கிறது. உலர்தாவரக் காப்பகங்களில் பல பத்தாண்டுகள் காய்ந்து கிடந்த நாஸ்டாக், ஈரம் பட்டதும் மறுபடி வளர்ந்திருக்கிறது. அனபீனா போன்றவை தடித்த சுவருள்ள உறங்கும் அணுக்களை உண்டாக்கி மண்ணில் விட்டுச் செல்கின்றன. டயாட்டம்கள் ஈரம் உள்ள ஆழத்துக்கு இறங்கிப் பார்க்கின்றன. காய்ந்து வெடித்த குளத்தின் மண்ணில் ஒரு பிடி அள்ளினால், அடுத்த மழைக்கான விதைக் களஞ்சியம் நம் கைக்குள் இருக்கும்.

வற்றும் நீரில் பாசி பிழைக்கும் திறத்தை உலகுக்கு எடுத்துக் காட்டியவர்களில் ஒருவர் தமிழ் மண்ணில் பணியாற்றியவர் என்பது நமக்குப் பெருமை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் எம். ஓ. பி. அய்யங்கார். இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படுபவர். தென்னிந்தியாவில், மழைநீர் தேங்கி வற்றிக்கொண்டிருக்கும் பள்ளங்களின் ஈரவண்டலில், மண்ணுக்குள் சிறு கிழங்குபோல் திரண்ட அணுக்களையும் மண்ணுக்கு மேல் மெல்லிய இழைகளையும் கொண்ட ஒரு பச்சைப் பாசியை அவர் கண்டார். 1932-இல் அதை விவரித்து எழுதி, தம் ஆசிரியரான இலண்டன் பேராசிரியர் எஃப். இ. ஃபிரிட்ச் பெயரால் ஃபிரிட்ஷியெல்லா என்று பெயரிட்டார். நீரில் வாழ்ந்த பாசி எப்படித் தரைக்கு ஏறியிருக்கும் என்ற கேள்விக்கு விடை தேடுவோர் இன்றும் அந்தச் சிறு பாசியைச் சுட்டுகிறார்கள். வற்றும் நீரே ஓர் உயிரைத் தரைவாழ்வுக்குப் பழக்கும் பள்ளியாக இருக்க முடியும் என்பதை அது சொல்கிறது.

நம் பாட்டன் பூட்டன்மார் விட்டு வந்த ஊர்களை நினைத்துப் பாருங்கள். ஏரியும் கண்மாயும் கோடையில் காய்ந்து, ஐப்பசி மழையில் நிரம்பிய ஊர்கள் அவை. ஆண்டுதோறும் வரும் அந்தக் காய்ச்சலுக்கு அங்குள்ள பாசி பழகியிருந்தது. நம் சிலாங்கூர்க் கடற்கரையின் முறை வேறு. இங்கே பொதுவாக ஆண்டின் தொடக்கத்திலும் ஜூன், ஜூலையிலும் மழை குறையும். ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பரில் மழை கூடும். நீண்ட முழு வறட்சி இங்கே அரிது. ஆகவே, நம் சதுப்பின் பாசிகள் நெடுங்காலம் காய்ந்து கிடக்கப் பழகாதவை. எல் நினோ ஆண்டான 1997-98 போன்ற காலத்திலோ, 2014-இன் தொடக்கத்தில் சிலாங்கூரில் நீர்ப் பங்கீடு வந்த மாதங்களிலோ நேர்ந்த வறட்சி அவற்றுக்குக் கடுமையானது.

2014-இல் சிலாங்கூர் ஆற்றின் அணையில் நீர் குறைந்தபோது, பெஸ்தாரி ஜெயா பக்கத்துப் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளின் நீரையும் ஆற்றுக்கு இறைத்தார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்நீரில் பாதிக்கு மேல் சிலாங்கூர் ஆறுதான் தருகிறது; அந்த நெருக்கடி புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் ஆற்றில் நன்னீர் குறையும்போது கழிமுகத்தில் உப்புநீர் உள்ளே ஏறுகிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. உப்பு ஏறினால் ஆற்றங்கரைச் சேற்றின் பாசிக்கூட்டம் மாறும். அந்தச் சேற்றில் சிறு நத்தைகள் மேய்கின்றன. கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் சேர்ந்து ஒளிரும் மின்மினிகளின் புழுக்களுக்கு அந்த நத்தைகளே இரை. மரத்தின் உச்சியில் தெரியும் ஒளி, அடியிலுள்ள சேற்றின் நலத்தை நம்பியிருக்கிறது.

வறட்சியால் விளையும் இன்னொரு கேடு நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குத் தெரிந்ததுதான். கடலோரக் களிமண்ணின் அடியில் பைரைட் என்னும் இரும்புக் கந்தகச் சேர்மம் இருக்கிறது. நீருக்கு அடியில் இருக்கும்வரை அதனால் தீங்கில்லை. பாரிட்டை ஆழப்படுத்தி நீர்மட்டத்தைக் கீழே இறக்கினாலோ, நீண்ட வெயில் காய்ந்தாலோ, காற்றுப் பட்டு அது கந்தக அமிலமாகிறது. அடுத்து வரும் முதல் மழை அந்த அமிலத்தைக் கழுவிப் பாரிட்டில் இறக்கும். நீர் துரு நிறமாகும், மீன் மிதக்கும். அந்த நீரில் பெரும்பாலான பாசிகள் அழிந்து, அமிலத்தைத் தாங்கும் ஒருசில யூக்ளினா, டயாட்டம் வகைகள் மட்டும் மிஞ்சும். பல வகைகள் வாழ்ந்த இடத்தில் ஓரிரண்டு வகை மட்டும் மிஞ்சியிருந்தால், நீர் பச்சையாகத் தெரிந்தாலும் அது நலமான நீர் ஆகாது.

இப்போது வெள்ளம்.

வெள்ளம் வந்ததும் முதலில் நடப்பது அடித்துச் செல்வது. நீரில் மிதக்கும் பாசி, தான் பெருகும் வேகத்தைவிட விரைவாக அடித்துச் செல்லப்பட்டால், அந்த இடத்தில் தங்க முடியாது. கல்லிலும் தண்டிலும் ஒட்டியிருப்பவை மணலும் குப்பையும் உரசிப் பெயர்ந்துபோகும். இரண்டாவது, இருள். கலங்கிய நீரில் வெளிச்சம் ஒரு சாண்கூட இறங்காமல் போகலாம். அடியில் உள்ள பாசி பட்டினி கிடக்கும். மூன்றாவது, நீர் தணிந்த பிறகு வரும் திடீர்ப் பெருக்கம். காய்ந்த மண் மறுபடி நனையும்போது அதில் மடிந்த நுண்ணுயிர்களின் சத்து ஒரேயடியாக வெளியேறும். மண்ணறிவியலார் இதை பிர்ச் விளைவு என்பார்கள்; 1950-களில் கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் இதை ஆராய்ந்த எச். எஃப். பிர்ச் பெயரால் வந்தது. அதோடு தோட்டத்து உரமும், கழிவும், சாலைக் குப்பையும் சேர்ந்துவிட்டால், நீர் தெளிந்த சில நாள்களில் பாசி கட்டுக்கடங்காமல் பெருகும். அது மடிந்து அழுகும்போது நீரில் உள்ள உயிர்வளியைத் தின்றுவிடும்.

கடற்சேற்றில் வெள்ளத்தின் வேலை இன்னும் நுட்பமானது. டயாட்டம்கள் நகரும்போது ஒருவகைச் சர்க்கரைப் பசையைச் சுரக்கின்றன. கஞ்சி போட்ட வேட்டி விறைத்து நிற்பதுபோல், அந்தப் பசை சேற்றுத் துகள்களைப் பிணைத்து, அலை எளிதில் அரிக்காதபடி நிறுத்துகிறது. கடல் வற்றியிருக்கும் வேளையில் பெருமழை கொட்டினால், மழைத்துளிகள் அந்த மெல்லிய படலத்தைக் கிழித்துவிடுகின்றன. பின்னர் ஏறும் கடல் சேற்றைக் கரைத்துக்கொண்டு போகிறது. அதே நேரத்தில் ஆற்றிலிருந்தும் மதகுகளிலிருந்தும் பாயும் நன்னீர் கரையோரத்தின் உப்பைக் குறைக்கிறது.

இதன் விளைவை முதலில் உணர்வது கெராங் என்னும் சிப்பி. கெராங்குக்குச் சேற்று டயாட்டம்கள் முக்கிய உணவு. உப்பு மிகவும் குறைந்தால் கெராங் தன் ஓட்டை மூடிக்கொண்டு உண்ணாமல் இருக்கும். ஓரிரு நாள் என்றால் தாங்கும். நன்னீர் நீடித்தால் மடியும். திறந்து உண்ண முயன்றாலும் மேய வேண்டிய படலம் கிழிந்து போயிருக்கும். மலேசியாவின் கெராங் விளைச்சல் 2010-இல் 70,000 டன்னுக்கு மேல் இருந்தது. 2016-இல் 10,000 டன்னுக்கும் கீழே விழுந்துவிட்டது. இதற்கு நீர் மாசும், குஞ்சுகளை அளவின்றி அள்ளியதும், வேறு பல காரணங்களும் சொல்லப்படுகின்றன. எல்லாப் பழியையும் வெள்ளத்தின் மேல் போடுவது நேர்மையாகாது. ஆனால் சேற்றின் மேற்புறத்து இரண்டு மில்லிமீட்டரில் நடப்பதைக் கவனிக்காமல் கெராங்கை மீட்க நினைப்பது, மேய்ச்சல் நிலத்தை விட்டுவிட்டு மாட்டை மட்டும் எண்ணும் வேலை.

கெராங்குக்கு அடுத்துப் பறவைகள். வடக்கிலிருந்து ஆண்டுதோறும் வரும் கரைப்பறவைகள் கடல் வற்றும்போது நம் சேற்றில் மேய்கின்றன. கடல் ஏறும்போது காப்பார் மின்நிலையத்தின் சாம்பல் குளங்கள் போன்ற இடங்களில் ஒதுங்குகின்றன. சில சிறு கரைப்பறவைகள் புழுக்களோடு, இந்தப் பாசிப் படலத்தையே நாக்கால் வழித்து உண்கின்றன என்பதைக் கனடாவில் நடந்த ஆய்வு 2008-இல் காட்டியது.

2021 டிசம்பர் வெள்ளத்தை இங்குள்ள யாரும் மறந்திருக்க மாட்டோம். சில இடங்களில் ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது. மனித உயிர்கள் போயின; வீடுகள் மூழ்கின. அந்தத் துயரத்தின் நடுவே நுண்பாசியைப் பற்றிப் பேசுவது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் நம் வீட்டுக்குள் வந்த நீரும், சேற்றின் மேற்படலத்தைக் கிழித்த நீரும் ஒன்றுதான். அதை மேலே தேக்கி வைத்து மெல்ல விட்டிருக்க வேண்டிய சதுப்பையும் காட்டையும் நாம் குறைத்துவிட்டோம். மக்களுக்கு வந்த கேடும் பாசிக்கு வந்த கேடும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டவை.

வறட்சியையும் வெள்ளத்தையும் தனித்தனியாகப் பார்த்தோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கக் கற்றுத் தந்த ஓர் ஆய்வு இருக்கிறது. கனடாவின் மனிடோபா மாகாணத்தில் டெல்டா மார்ஷ் என்ற பெரிய சதுப்பு உள்ளது. 1980-களில் அங்கே சதுப்பைப் பண்டுகளால் தடுத்து, சில பகுதிகளை வெள்ளத்தில் ஆழ்த்தியும், சில பகுதிகளை வடித்தும், திரும்ப நிரப்பியும் ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். அங்கே பாசியை ஆராய்ந்த ராபின்சன், கோல்ட்ஸ்பரோ ஆகிய இருவரும் சதுப்புக்கு நான்கு நிலைகளைச் சொன்னார்கள். நீர் வற்றிய நிலையில் மண்மேல் வாழும் பாசி ஓங்கும். நீர் நிரம்பி, செடிகள் பரவலாக நிற்கும் திறந்த நிலையில் தண்டுகளில் ஒட்டும் பாசி ஓங்கும். செடிகள் அடர்ந்து காற்றைத் தடுக்கும் நிலையில் பஞ்சு போல மிதக்கும் இழைப்பாசி ஓங்கும். நீர் ஆழமாகிச் செடிகள் அழிந்துவிட்டால் ஏரிபோல் ஆகி, நீரில் கலந்து மிதக்கும் பாசி ஓங்கும். நீர் கலங்கியே இருக்கும்.

இதில் நமக்குப் பாடம் உண்டு. சதுப்பு இந்த நிலைகளுக்கிடையே மாறி மாறிப் போகும்வரை அது உயிரோடு இருக்கிறது. ஆண்டு முழுதும் ஒரே மட்டத்தில் நீரைப் பிடித்து வைத்தாலும் சரி, ஆண்டு முழுதும் வடித்து வைத்தாலும் சரி, சதுப்பை ஒரே நிலையில் பூட்டிவிடுகிறோம். வயலில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைட்ரஜனை வயலுக்குப் பிடித்துத் தருகிறது என்பதை வங்காளத்தின் பி. கே. டே 1939-இல் காட்டினார். ஒரு போகத்தில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 20 முதல் 30 கிலோ வரை அது தரக்கூடும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. நீர் கட்டி, வடித்து, மறுபடி கட்டும் வயலின் முறைக்கு அந்தப் பாசி பழகியது. செக்கிஞ்சான் வயல்களுக்குச் சுங்கை தெங்கி வழியாக வரும் நீரில் ஒரு பங்கு, கரிமண் சதுப்புக்காடு மழைக்காலத்தில் உறிஞ்சி, வெயில் காலத்தில் மெல்ல விடும் நீர்.

அந்தச் சதுப்புக்காடு காயமடைந்திருக்கிறது. மரம் வெட்டியவர்களும் ஈயம் தோண்டியவர்களும் விவசாயத்துக்கு நிலம் தேடியவர்களும் வெட்டிய கால்வாய்கள் அதன் நீரை வடித்தன. வடித்த கரிமண் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தாழும்; வெயில் ஆண்டுகளில் தீப்பிடிக்கும். நம் வீட்டுக்கு வரும் புகைமூட்டத்தில் அதுவும் ஒரு பங்கு. 2008 முதல் சிலாங்கூர் வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையமும் ராஜா மூசாவில் கால்வாய்களைத் தடுத்து, மரம் நட்டு, நீர்மட்டத்தை உயர்த்தி வருகின்றன. பள்ளிப் பிள்ளைகளும் கிராம மக்களும் அதில் கை கொடுத்திருக்கிறார்கள். நம் காலத்தில் நம் வட்டாரத்தில் நடக்கும் நல்ல பணிகளில் இதை நான் முதல் வரிசையில் வைப்பேன்.

இனி நம் கடமை என்ன? நான்கு காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

தோட்டங்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு: பாரிட்டை வெட்டுவது எளிது; வெட்டிய பாரிட்டில் நீரை நிறுத்துவதே திறமை. கரிமண்ணில் செம்பனை வளர்ப்போர் நிலத்தடி நீரை மேற்பரப்புக்குக் கீழே 40 முதல் 60 சென்டிமீட்டருக்குள் வைத்திருக்க வேண்டும் என்று நீடித்த செம்பனைக்கான வழிகாட்டிகளே சொல்கின்றன. பைரைட் உள்ள களிமண்ணிலும் அதை நீருக்கு அடியிலேயே வைத்திருங்கள். கனமழை வரும் நாள்களுக்கு முன் உரம் போடாதீர்கள். அது மரத்துக்குப் போகாது, பாரிட்டுக்கும் கடலுக்கும் போகும்.

மதகுகளையும் பண்டுகளையும் பார்த்துக்கொள்ளும் துறையினரிடம் நாம் கேட்க வேண்டியது: நீரை ஒரேயடியாகத் திறந்துவிடாமல், கூடுமான அளவு முன்கூட்டியே, சிறிது சிறிதாக விடுங்கள். கெராங் படுகைகளுக்கு நேரே பெருநீரைத் திருப்பாதீர்கள்.

ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் நிலம் வைத்திருப்பவர்களுக்கு: கண்டலையும் கரைச்செடிகளையும் வெட்டாமல் ஒரு பட்டை நிலத்தை விட்டுவையுங்கள். வெள்ளத்தின் வேகத்தை அது தணிக்கும், வண்டலை வடிகட்டும், தண்டுகளில் பாசிக்கு இடம் தரும்.

நான்காவது, பள்ளிகளுக்கு. இது எனக்கு மிக நெருக்கமானது. நம் தமிழ்ப்பள்ளிகளின் அறிவியல் அறையில் ஒரு நுண்ணோக்கி இருந்தால் போதும். மாதம் ஒருமுறை பாரிட்டிலிருந்து ஒரு சொட்டு, வயலிலிருந்து ஒரு சொட்டு, ஆசிரியர் துணையோடு கடற்சேற்றிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் பாருங்கள். வந்த வகைகளை வரைந்து, அந்த மாதத்தின் மழையையும் நீரின் நிறத்தையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். டயாட்டத்தின் சிலிக்கா ஓடு எளிதில் அழியாது. உலகெங்கும் அறிவியலாளர் ஏரி வண்டலில் புதைந்த ஓடுகளைப் பார்த்தே பழைய வறட்சியையும் வெள்ளத்தையும் கண்டறிகிறார்கள். ஐந்து ஆண்டு தொடர்ந்து எழுதிய ஒரு பள்ளி ஏடு, இந்த வட்டாரத்தின் நீரைப் பற்றி எந்த அலுவலகத்துக்கும் சொல்லத் தகுந்த சான்றாக இருக்கும்.

வானிலை நம் கையில் இல்லை. அடுத்த எல் நினோவும் வரும். அடுத்த பெருமழையும் வரும். வறட்சியில் சதுப்பிலும் பாரிட்டிலும் எவ்வளவு ஈரம் மிஞ்சும் என்பதும், வெள்ளத்தில் எவ்வளவு உரமும் மண்ணும் அமிலமும் கடலுக்குப் போகும் என்பதும் நம் கையில் இருக்கின்றன. அந்த இரண்டையும் சரியாக வைத்திருந்தால், கெராங் பொறுக்குபவரின் பிழைப்பும் நெல் நடுபவரின் விளைச்சலும் தாமாகவே காக்கப்படும். இன்றைக்கு இங்கிருந்து எழுந்து போகும் ஆசிரியர்கள் இந்த மாதமே அந்த ஏட்டின் முதல் பக்கத்தைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.